யாஸ் மரினா: 2009 முதல் பார்த்துவரும் ரசிகனின் வருத்தம்

அபுதாபியின் யாஸ் மரினா பாதையில் 2009இல் முதல் பார்முலா ஒன் கார் பந்தயம் நடந்ததிலிருந்து ஒன்றையும் விடாமல் பார்த்துவருகிறேன். இரண்டு முறை நேரில் போயிருக்கிறேன். மாலை வெயிலில் தொடங்கி விளக்கொளியில் முடியும் பந்தயம், பாதையின் மேலேயே நிற்கும் ஓட்டல், டயர் மாற்றும் இடமான பிட்டிலிருந்து கிளம்பும் கார்கள் பாதைக்கு அடியில் புகுந்து வரும் சுரங்கம் என்று அழகுக்குக் குறைவில்லை. ஆனால் நான் போவது ஓட்டுநர்கள் முட்டி மோதி முந்துவதைப் பார்க்க.

2010 இறுதிப் பந்தயத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை. சாம்பியன் பட்டத்துக்கான பட்டியலில் எட்டுப் புள்ளி முன்னிலையோடு வந்தார் ஃபெராரி அணியின் ஓட்டுநர் அலோன்சோ. பட்டியலில் இரண்டாவதாக இருந்த வெப்பரைக் கணக்கில் வைத்து ஃபெராரி அலோன்சோவை 15ஆவது சுற்றிலேயே டயர் மாற்ற அழைத்தது. வெளியே வந்தவர் பெட்ரோவ் ஓட்டிய ரெனோ காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். ஏறக்குறைய நாற்பது சுற்றுகள்! ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட நேர்ப்பாதை இருந்தும் முந்த வழி கிடைக்கவில்லை. ஏழாவதாக முடித்தார், நான்கு புள்ளி வித்தியாசத்தில் வெட்டல் சாம்பியன். வெட்டல் அதற்குத் தகுதியானவர்தான். ஃபெராரியின் உத்தியும் தவறுதான். ஆனால் வேகமான கார் வைத்திருப்பவர் தன் தவறைத் திருத்திக்கொள்ளப் பாதை இடம் தர வேண்டாமா?

நேரில் முதல் முறை போனபோது கொண்டை ஊசி போல் திரும்பும் ஹேர்பின் வளைவின் அருகே உட்கார்ந்தேன். காரணம் கண்முன்னே தெரிந்தது. வளைவுக்குச் சற்று முன்னால் ஒரு சிக்கேன், அதாவது வேகத்தைக் குறைக்க வைக்கும் இடவல நெளிவு. முன்னால் போகும் கார் கலைத்துவிட்ட காற்றில் பின்னால் வருபவரின் பிடிப்பு தளர்ந்துவிடும். அங்கேயே சில கார் நீளம் பின்தங்குவார். நேர்ப்பாதையில் விரட்டி நெருங்குவதற்குள் அடுத்த பிரேக். சுற்றுக்குச் சுற்று அதே வரிசை, அதே இடைவெளி. பின்னால் வரும் கார் தன் பின்சிறகைத் திறந்து வேகம் கூட்ட உதவும் டிஆர்எஸ் 2011இல் வந்து முந்தல்கள் கூடின. முன்னால் இருப்பவர் தடுக்கவே முடியாத முந்தலில் எனக்கு மகிழ்ச்சி இல்லை.

2021இல் பாதையைத் திருத்தினார்கள். 21 வளைவுகள் 16 ஆயின, 5.554 கிலோமீட்டர் 5.281 ஆனது. சிக்கேன் போயிற்று, ஹேர்பின் அகலமாயிற்று, மறுகோடியில் இருந்த மெதுவான வளைவுகளின் இடத்தில் வெளிப்புறம் உயர்ந்து உட்புறம் சாய்ந்த ஒரே நீள்வளைவு வந்தது. அந்த ஆண்டின் கடைசிச் சுற்றில் வெர்ஸ்டாப்பன் ஹாமில்டனை முந்தியது அதே ஹேர்பினில்தான். வெர்ஸ்டாப்பனின் புதிய டயரும், விபத்துக்குப் பின் கார்களை மெதுவாக்க வந்த பாதுகாப்பு காரை விலக்கிய முடிவும் அதற்குப் பெருங்காரணம் என்பதை மறுக்கவில்லை. பிறகு இரண்டாம் முறை போனபோது அந்த வளைவில் உள்ளே பாய்ந்த கார்களைப் பார்த்து எழுந்து நின்று கைதட்டினேன். பன்னிரண்டு ஆண்டுகள் தாமதித்திருக்க வேண்டாம்.

ஓட்டலைச் சுற்றி வரும் கடைசிப் பகுதி மட்டும் இன்னும் தேறவில்லை. கொஞ்சம் விரித்திருக்கிறார்கள், இருந்தும் நெருங்கி வந்த கார் அங்கே மறுபடி பின்தங்குகிறது.

பிரேசிலின் இன்டர்லாகோஸ் வெறும் 4.309 கிலோமீட்டர்தான். மேடும் பள்ளமுமான அந்தப் பாதையில், 2008இல், கடைசிச் சுற்றின் கடைசி வளைவுகளில் ஹாமில்டன் க்ளாக்கைக் கடந்து பட்டம் வென்றார். ஆண்டின் இறுதிப் பந்தயத்தை அங்கே திருப்பிக் கொடுங்கள். யாஸ் மரினா மார்ச்சில் வரட்டும், அப்போதும் பார்ப்பேன்.