சுங்கை சிப்புட்டில் வாங்கிய தேனீப் பெட்டி: யோசனை அருமை, அளவுதான் உதைக்கிறது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிற எங்கள் டவுனில் மரச்சாமான் செய்யும் கடை ஒன்றில் இப்போது தேனீப் பெட்டியும் செய்து விற்கிறார்கள். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. விலை 180 வெள்ளி (ரிங்கிட்), மெரந்தி மரப் பலகை, தேனடை கட்டுவதற்கு உள்ளே தொங்கும் எட்டு மரச் சட்டம், மேலே தகரக் கூரை. "இயற்கை அடைப் பெட்டி" என்று சொல்லித் தருகிறார்கள். அதாவது சட்டத்துக்குள், அறை வடிவம் அச்சடித்த மெழுகுத் தாளும் கிடையாது, கம்பியும் கிடையாது, மேல்கட்டையின் அடியில் கூராகச் சீவிய விளிம்பு ஒன்றுதான், அதில் லேசாக மெழுகு தடவியிருக்கிறது. மிச்சத்தைத் தேனீயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்த்துக்கொள்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். பால்மரத் (ரப்பர்) தோட்டத்து ஓரத்தில் பொந்துக்குள் இருந்த நம்ம ஊர்த் தேனீக் கூட்டத்தை உள்ளே விட்டதும், விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒன்றின் காலை ஒன்று கோத்துச் சரம் சரமாகத் தொங்க ஆரம்பித்துவிட்டன. இளம் வேலைக்காரத் தேனீயின் வயிற்றடியில் நான்கு ஜோடி மெழுகுச் சுரப்பிகள் உண்டு. அங்கிருந்து செதில் செதிலாக வருகிற மெழுகை வாயில் மென்று மென்று ஒட்டுகின்றன. மேலிருந்து கீழே வளர்கிறது அடை. இரண்டு பக்கமும் அறுகோண அறைகள், ஒரு பக்கத்து அறையின் அடிப்பகுதி மறுபக்கத்தில் மூன்று அறைகளின் மேல் உட்காருகிற மாதிரி கொஞ்சம் தள்ளித் தள்ளி, அதுவும் தேன் வழியாமல் வாய்ப்பக்கம் லேசாகத் தூக்கியபடி. சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. புதிதாகக் கட்டும்போது அடை பால் வெள்ளையாக இருக்கும், புழு வளர்த்து வளர்த்துப் பிறகு பழுப்பாகி, கடைசியில் கறுத்துவிடும்.

அச்சடித்த மெழுகுத் தாள் வைத்தால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஒரு கிலோ மெழுகு சுரக்க ஆறேழு கிலோ தேன் செலவாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆகவே தாள் வைப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 1857-இல் ஜெர்மனியில் யோகான்னஸ் மேரிங் தொடங்கிவைத்த அந்தத் தாள் ஐரோப்பியத் தேனீக்கானது, இப்போது கடைகளில் கிடைப்பதிலும் அறையின் அகலம் பெரும்பாலும் 5.4 மில்லிமீட்டர்தான். நம்ம ஊர்த் தேனீ உருவத்தில் சின்னது, அறையை 5 மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் கட்டும். ஆண் தேனீக்கு வேண்டிய பெரிய அறைகளையும் தாள் இல்லாவிட்டால் அதுவே தன் விருப்பத்துக்கு ஓர் ஓரமாகக் கட்டிக்கொள்ளும். அதனால் தாளில்லாப் பெட்டி என்ற யோசனைக்கு முழு மதிப்பெண்.

வில்லங்கம் சட்டங்களின் இடைவெளியில். ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 35 மில்லிமீட்டர் வைத்திருக்கிறார்கள், அது ஐரோப்பியத் தேனீயின் கணக்கு. நம்முடையதற்கு 30, 32 போதும். விளைவு என்ன? முதல் இரண்டு அடை ஒழுங்காக இறங்கின, மூன்றாவது கொஞ்சம் வளைந்தது, நான்காவது அடுத்த சட்டத்துக்கே தாவிவிட்டது. இப்போது ஒன்றைத் தூக்கினால் பக்கத்தில் இருப்பதும் கூடவே கிழிந்து வருகிறது. கடையில் போய்க் கேட்டேன். "எல்லாத் தேனீயும் ஒண்ணுதான் தம்பி, போகப் போகப் பழகிக்கும்" என்றார் அண்ணன். பழகாதுண்ணே! தாளும் வைக்காமல், இந்தத் தேனீக்குரிய இடைவெளியும் விடாமல், நேராகக் கட்டு என்றால் அது எப்படிக் கட்டும்?

சரி செய்ய வழி இருக்கிறது. பக்கக் கட்டைகளின் தோளை இழைத்து 31-க்குக் கொண்டுவந்தால், எட்டுச் சட்டம் இருந்த இடத்தில் ஒன்பது உட்காரும். நான் வேறோர் ஆசாரியிடம் கொடுத்துச் செய்துகொண்டேன், அந்தச் செலவு தனி.

இன்னும் சில. பெட்டிக்குக் கால் இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தில் நிற்கிற மாதிரி நாமே ஒரு ஸ்டாண்டு அடிக்காவிட்டால் எறும்பு விடாது. தகரக் கூரை மத்தியான வெயிலில் கொதிக்கிறது, நிழலில்தான் வைக்க வேண்டும். பெட்டி பக்கவாட்டில் சாய்ந்திருக்கவும் கூடாது, அடை நேர் செங்குத்தாகத்தான் தொங்கும், சட்டம் சாய்ந்திருந்தால் அது சட்டத்தை விட்டு வெளியே போய்விடும். கம்பி இல்லாத புது அடையைப் படுக்கை வசமாகத் திருப்பிப் பார்க்காதீர்கள், சூட்டில் மெழுகு இளகியிருக்கும், தேனோடு தரையில் விழும். தேன் சுற்றும் மெஷினும் இதற்கு ஆகாது, அறுத்துப் பிழிய வேண்டியதுதான், இல்லை அடையோடு துண்டு போட்டுச் சாப்பிடலாம். பால்மரம் இலையுதிர்த்துத் துளிர்விடும்போது இலைக்காம்பில் சுரக்கிற இனிப்பை எடுத்துச் சேர்த்த தேன், பிள்ளைகள் மெழுகோடு மென்று துப்புகிறார்கள்.

கெலுலுட் என்கிற கொடுக்கில்லாத் தேனீ வளர்க்க நினைத்து இதை வாங்கிவிடாதீர்கள். அது மெழுகையும் மரப்பிசினையும் குழைத்துக் குட்டிக் குட்டிப் பானையாகக் கட்டும் ரகம், அதற்குச் சட்டமே தேவையில்லை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். பலகை, வேலைப்பாடு இரண்டும் உறுதி, இணைப்புகளில் ஓர் இடுக்குகூட இல்லை. வாங்கப்போகிறவர்கள் முன்பணம் கொடுக்கும்போதே 31 மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுங்கள், மாற்றித் தர மாட்டேன் என்றால் சட்டம் இல்லாமல் வெறும் பெட்டியை மட்டும் விலை பேசுங்கள்.