காக்டெயிலுக்கு ஒரே ஒரு டார்க் ரம் பாட்டில்: ஜமைக்காவா, டெமராராவா, கறுப்பு ரம்மா?

நிறத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். லேபிளில் 'டார்க்' என்று இருப்பது வயதையும் சொல்லாது, தரத்தையும் சொல்லாது. கொஞ்சம் கேரமல் சேர்த்தால் இளம் ரம்மும் பல வருஷம் பீப்பாயில் கிடந்ததுபோல் கறுத்துவிடும். எப்படி வடித்தார்கள், வடித்தபின் என்ன சேர்த்தார்கள் என்பதுதான் கிளாஸில் தெரியும்.

ஒரு பாட்டில்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் ஜமைக்கா ரம் என்பதே என் கட்சி. ஜமைக்காவின் பழைய வடிசாலைகளில் வடித்தபின் மிஞ்சும் புளித்த கழிவை, டண்டர் என்பார்கள், அடுத்த ஊறலில் சேர்த்து நீண்ட நாள் புளிக்கவிடும் வழக்கம் உண்டு. பிறகு பாட் ஸ்டில் என்ற பானை வடிவ வாலையில் வடிப்பார்கள். அதில் திரளும் எஸ்டர்கள் என்ற வாசனைச் சேர்மங்கள்தான் பழுத்த அன்னாசியும் கனிந்த வாழைப்பழமும் சேர்ந்த அந்த வாசனைக்குக் காரணம். எலுமிச்சைச் சாறு, சிரப், ஐஸ் உருகிய தண்ணீர் மூன்றும் சேர்ந்து நெருக்கினாலும் அது தலைதூக்கி நிற்கும். 1944இல் உணவகக்காரர் விக்டர் பெர்ஜரான் கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில் மாய் டாய் என்ற காக்டெயிலைக் கலந்தபோது அவர் எடுத்தது 17 வருட ஜமைக்கா ரம். கியூரசோ என்ற ஆரஞ்சு மதுவும் பாதாம் சிரப்பும் சேரும் கலவையில் மென்மையான ரம் போட்டால் பாதாம்தான் மிஞ்சும்.

ஆனாலும் வாசனையைவிடப் பெரிய காரணம் சர்க்கரை. ஜமைக்கா ரம்முக்கான புவிசார் குறியீட்டு விதிகள் சர்க்கரை சேர்க்க அனுமதிப்பதில்லை. மற்ற இடங்களில் அப்படி இல்லை. ஐரோப்பிய ஒன்றிய விதியே லிட்டருக்கு 20 கிராம் வரை விடுகிறது. அதற்கு வெளியே இன்னும் கூடுதலாகவும் கலக்கிறார்கள். தனியாகக் குடிப்பவருக்கு அது வழுவழுப்பாக இருக்கும். காக்டெயில் கலப்பவருக்கு அதுவே தலைவலி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சம எடை சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்த சிரப்பில் ஒரு மி.லி.க்குச் சுமார் 0.6 கிராம் சர்க்கரை. லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை உள்ள ரம் 60 மி.லி. ஊற்றினால் 2.4 கிராம், அதாவது 4 மி.லி. சிரப் உங்களுக்குத் தெரியாமலே உள்ளே போகிறது. மதுவும் பிட்டர்ஸும் துளி இனிப்பும் மட்டும் சேரும் ஓல்டு ஃபேஷண்டுக்கு மொத்தமே 5 மி.லி. சிரப்தான், அங்கே இனிப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். ஷேக்கரில் கலப்பதில் வேறு சிக்கல். திகட்டுகிறதே என்று எலுமிச்சையைக் கூட்டுவோம். புளிப்பும் தண்ணீரும் ஏறும், ரம் காணாமல் போகும். குறைக்க வேண்டியது சிரப்பை. இனிப்பைச் சேர்ப்பது எளிது, ரம்முக்குள் இருப்பதை எடுக்க வழியில்லை.

சந்தேகமான பாட்டிலைச் சோதிக்க, ஒரு வெள்ளைத் தட்டில் 5 மி.லி. ஊற்றி இரவு முழுக்க விடுங்கள். சர்க்கரை சேர்க்காத ரம் மெல்லிய பழுப்புப் படலத்தை விட்டுப்போகும். சேர்த்தது விரலில் ஒட்டும். ஆல்கஹால் ஹைட்ரோமீட்டர் இருந்தால் 20 டிகிரி செல்சியஸில் அளந்து பாருங்கள். சர்க்கரை இருந்தால் கருவி ஆல்கஹாலைக் குறைத்துக் காட்டும். லேபிள் 40 சதவீதம் என்று சொல்ல, கருவி 35 காட்டினால், ஒவ்வொரு புள்ளிக்கும் சுமார் 4 கிராம் வைத்து லிட்டருக்கு 20 கிராம் வரும். பீப்பாயிலிருந்து இறங்கும் பொருட்களும் கொஞ்சம் இழுப்பதால் ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

தென் அமெரிக்காவின் கயானாவில் வடிக்கும் டெமராரா ரம்மை நான் மட்டம் தட்டவில்லை. போர்ட் மோரன்ட், வெர்சாய், என்மோர் என்ற பழைய மர வாலைகள் இன்றும் அங்கே ஓடுகின்றன. கருகிய சர்க்கரை, உலர்திராட்சை, லேசான புகை என்று அவற்றின் சுவையே தனி. கலக்கிக் குடிக்கும் ஓல்டு ஃபேஷண்டில் ஜமைக்காவை அது முந்தும். 60 மி.லி. ரம், இரண்டு சொட்டு அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் (கசப்புச் சாரம்), பெரிய ஐஸ் கட்டியோடு அரை நிமிடம் கலக்கினால் போதும். சிரப்பைக் கடைசியில், ருசி பார்த்தபிறகு, தேவையென்றால் மட்டும். வாங்கும்போது சர்க்கரை சேர்க்காததைத் தேடிப் பிடிக்க வேண்டும், அதுதான் சிரமம்.

கேரமலோ மொலாசஸோ சேர்த்து நன்றாகக் கறுக்கவைத்த கறுப்பு ரம்முக்கு இரண்டே இடம். ஒன்று, பெர்முடாவின் டார்க் அண்ட் ஸ்டார்மி: கிளாஸ் நிறைய ஐஸ், 120 மி.லி. ஜிஞ்சர் பீர், மேலே கரண்டியின் முதுகில் 60 மி.லி. ரம்மை மெதுவாக ஊற்ற வேண்டும். அடர்த்தி குறைந்த ரம் மேலே மிதக்கும். இன்னொன்று ஜங்கிள் பேர்ட், கோலாலம்பூர் ஹில்டனில் பிறந்தது. ரம் 45, காம்பாரி (கசப்பான இத்தாலிய மது) 22, அன்னாசிச் சாறு 45, எலுமிச்சை 15, சிரப் 15 மி.லி. காம்பாரியின் கசப்போடு மல்லுக்கட்ட மொலாசஸின் கனம் உதவுகிறது. ஜமைக்கா ரம்மும் இதில் தோற்பதில்லை என்பதால் இதற்கென்று தனி பாட்டில் தேவையில்லை.

ஜமைக்காவிலும் ஒரு எச்சரிக்கை. ஸ்மித் அண்ட் கிராஸ் போன்றவை 57 சதவீதம். 60 மி.லி. என்ற அளவை அப்படியே எடுத்தால் ஆல்கஹால் 34 மி.லி. ஆகிவிடும், 40 சதவீத ரம்மில் அது 24தான். எஸ்டரும் கூடுதல் என்பதால் பசை வாடைபோல் மூக்கில் ஏறும். 45 மி.லி.யாகக் குறைக்கலாம். அல்லது ஆப்பிள்டன் மாதிரி மிதமான ஜமைக்கா ரம் 45 மி.லி.யோடு ஸ்மித் அண்ட் கிராஸ் 10 மி.லி. மட்டும் சேர்க்கலாம். அந்தக் கலவைக்கு எலுமிச்சை 22, சிரப் 15 மி.லி., பத்துப் பன்னிரண்டு வினாடி நன்றாகக் குலுக்கி வடிகட்டினால் அன்னாசி வாசனை முன்னால் வரும், பசை வாடை வராது.