பானெட் ஸ்கூப்: சில வருடங்கள் ஓட்டிப் பார்த்ததில்

பானெட் ஸ்கூப் என்பது இன்ஜின் மூடியின் மேல், வெளிக்காற்றை உள்ளே வாங்குவதற்காக வைக்கும் புடைப்பான வாய். பெங்களூர் ஜே.சி. ரோட்டில் டபுள் சைடு டேப்போடு விற்கும் பிளாஸ்டிக் ஸ்கூப்பைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அதில் ஓட்டையே கிடையாது, அழகுக்கு ஒட்டுவது. என் பழைய 1.3 பெட்ரோல் ஸ்விஃப்டில் பானெட்டை வெட்டி, ஃபைபர் ஸ்கூப் வைத்து, அதன் கீழே இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஃபில்டருக்கு ஒரு பெட்டி செய்து, இரண்டுக்கும் நடுவில் ஃபோம் கொடுத்து அடைத்திருக்கிறேன். எப்போதாவது சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக், மற்றபடி தினமும் ஓசூர் ரோடு டிராஃபிக்.

"காத்து உள்ள திணிக்கும், டர்போ மாதிரி இழுக்கும்" என்று கராஜில் யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று கொடுக்கும் கூடுதல் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட வராது. 200-இல் போனாலும் இரண்டைத் தொடாது. பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருப்பதால் இங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு, அந்த நஷ்டத்தை ஸ்கூப்பை மட்டும் வைத்து ஈடுகட்ட வேண்டுமென்றால் 450 கி.மீ.க்கு மேல் பறக்க வேண்டும். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் அதற்குப் பத்தாது.

அப்புறம் எதற்கு இது? குளிர்ந்த காற்றுக்கு. எனக்கு முன்னால் வண்டி வைத்திருந்தவர் ஃபில்டரை மூடி வைக்கும் ஒரிஜினல் ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, திறந்தபடி நிற்கும் கோன் ஃபில்டர் மாட்டியிருந்தார். சத்தம் பிரமாதம், ஆனால் ரேடியேட்டர் சூட்டையெல்லாம் அதுதான் குடித்துக்கொண்டிருந்தது. 60 டிகிரி காற்றுக்கும் 30 டிகிரி காற்றுக்கும் அடர்த்தியில் கிட்டத்தட்ட 9 சதவீத வித்தியாசம் உண்டு. ஸ்கேனரில் பார்த்தால், ஸ்கூப் வந்த பிறகு ஓடும்போது இன்டேக் வெப்பம் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பம்) வெளிக்காற்றைவிடச் சில டிகிரிதான் அதிகம். ஃபோம் நைந்துபோன சமயத்தில் பழையபடி ஏறிவிட்டது, புது ஃபோம் வைத்ததும் இறங்கியது.

இடம் முக்கியம். பானெட் மேல் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி, பக்கத்து வண்டியிலிருந்து நண்பரை வீடியோ எடுக்கச் சொன்னேன். நடுவில் நூல்கள் படிந்து நேராகப் போகின்றன, முன்கண்ணாடி அடியில் வந்ததும் சுருண்டு எழும்புகின்றன. அங்கே காற்று மோதித் தேங்குவதால் அழுத்தம் கூடுதல். அமெரிக்க நாஸ்கார் ரேஸ் வண்டிகள் அங்கிருந்துதான் காற்று எடுத்தன, 1970 ஷெவர்லே ஷெவல் காரில் பின்பக்கம் பார்த்து வாய் திறக்கும் ஸ்கூப்பும் அதற்காகத்தான். முன்பக்கம் பார்க்கிற வாய் என்றால் பானெட்டை ஒட்டி ஊர்ந்து வரும் மந்தமான காற்றைத் தாண்டி உயரமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் நேர்பாதையில் பாயும் டிராக் ரேஸ்களை நடத்தும் என்ஹெச்ஆர்ஏ-வின் ப்ரோ ஸ்டாக் பிரிவு கார்களில் அவ்வளவு பெரிய ஸ்கூப் நின்றது அதனால்தான். 2016-இல் கார்பரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கட்டாயமானபோது அதை எடுத்துவிட்டார்கள். சுபாரு டபிள்யூஆர்எக்ஸைக் காட்டி வாதாடுபவர்களுக்கு: அந்த ஸ்கூப் காற்றை இன்டர்கூலருக்குத்தான் (டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விக்கும் பாகம்) அனுப்புகிறது, நேராக இன்ஜினுக்கு இல்லை.

இனி தினசரிப் பாடு. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் வண்டி நின்றுவிட்டால் ஸ்கூப்பால் ஒரு பிரயோஜனமும் இல்லை, பெட்டியே சூடாகிவிடும், சிக்னல் விட்டு கொஞ்ச தூரம் ஓடினால்தான் வெப்பம் இறங்கும். சாயங்கால மழை இன்னொரு தொல்லை. பெட்டியின் அடியில் வடிகால் ஓட்டை போட்டு, ஃபில்டரை அந்த அடிப்பாகத்தில் படாமல் தூக்கி வைத்திருக்கிறேன், பார்க்கிங்கில் மூடியும் போடுகிறேன். அப்படியும் சர்வீஸில் ஃபில்டரைக் கழற்றினால் வேப்பிலைச் சருகு, செத்த பூச்சி, மெட்ரோ வேலைத் தூசி எல்லாம் ஒரு பிடி கொட்டும்.

டிராக்கில்? நீளமான நேர்பாதையில் மேல் ஆர்பிஎம்மில் மூச்சு முட்டாமல் இழுக்கிறது, பகல் முழுக்க ஓட்டினாலும் மதியச் சூட்டில் சோர்வது குறைந்திருக்கிறது. லேப் டைமில் என்ன மாறியது என்று கேட்டால், டயர் மாற்றியதில் கிடைத்ததில் கால்வாசிகூட இருக்காது.

உங்கள் வண்டியில் கம்பெனி ஏர் பாக்ஸ் அப்படியே இருக்கிறதா? அதன் குழாய் முன் கிரில் பக்கத்திலிருந்து வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது என்றால் பானெட்டில் கட்டர் வைக்காதீர்கள். அந்தக் காசுக்கு நல்ல பிரேக் பேடு வரும்.