பழைய காருக்கு யோசனை கேட்க: பட்டறையா, கைபேசிக் குழுவா?

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் அம்பாசடரையோ, பியட் என்றே இன்றும் அழைக்கப்படும் பிரீமியர் பத்மினியையோ ஓடும் நிலையில் வைத்திருப்பவர்கள், வண்டியில் ஒரு சந்தேகம் என்றால் இரண்டு இடங்களில் கேட்கிறார்கள். வயதான மெக்கானிக் ஒருவரும் அவரைச் சுற்றி நாலைந்து பழைய கார்க்காரர்களும் மாலையில் கூடும் பட்டறை ஒன்று. கைபேசியில் ஓயாமல் மணியடிக்கும் வாட்ஸப், முகநூல் குழுக்கள் மற்றொன்று. என் கணிப்பில், கோளாறு இன்னதென்று தெரிந்துகொள்ளப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். தெரிந்த பிறகு, அதற்கான பாகத்தைத் தேடக் குழுவுக்குப் போகலாம். இந்த வரிசையை மாற்றிக்கொள்பவர்களுக்குச் செலவு இரட்டிப்பாகிறது.

இதற்கு முதல் காரணம் உப்பு. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் பாரம் தாங்கும் தனியான இரும்புச் சட்டம் (சேசிஸ்) கிடையாது. உடம்புத் தகடே வண்டியின் பாரம் முழுவதையும் தாங்குகிறது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாம்பன் பாலத்திலும், தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனைக்குப் போகும் சாலையிலும் கடல் திவலையும் மணலும் சேர்ந்து காரின் அடியில் அப்பிக்கொள்கின்றன. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிபோன்ற தகட்டுக்குள் அந்த ஈரம் புகுந்துவிட்டால் எளிதில் வெளியேறாது. மேலே பெயின்ட் பளபளத்துக்கொண்டிருக்க, உள்ளே தகடு பொரிந்துகொண்டிருக்கும். இதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டால், படத்தில் தெரிவது பெயின்ட் மட்டுமே. பட்டறையிலோ, மெக்கானிக் சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்து, திருப்புளியின் கைப்பிடியால் முன்சக்கரத்திலிருந்து பின்பக்க ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடம்வரை தட்டிக்கொண்டே போகிறார். நல்ல தகடு கணீரென்கிறது. ஓட்டையை மறைக்கப் பூசும் பட்டி என்ற பசையால் மூடிய இடம் சத்தமே காட்டுவதில்லை. அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்கிறார்.

குழுவில் துருவைப் பற்றிக் கேட்டால் கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் உடனே பதில் வரும். பெரும்பாலும் அடிப்பகுதிக்குத் துருத்தடுப்புக் கோட்டிங் அடிக்கச் சொல்வார்கள். அந்த ஊர்களுக்கு அது போதுமானதாக இருக்கலாம். இங்கே, உப்பைக் கழுவாமல் அதன்மேல் கோட்டிங் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். முதலில் கழுவ வேண்டும், அதுவும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். இந்தக் கடற்கரையில் பல இடங்களில் போர் தண்ணீரே உவர்ப்பாக இருப்பதால், அதைப் பீய்ச்சுவதால் பயனில்லை. குடிக்கும் தண்ணீரையே குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊரில், காரின் அடிவயிற்றுக்கும் நல்ல தண்ணீர் கேட்பது வீட்டில் எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்பது வேறு விஷயம். பிறகு வெயிலில் உலரவிட்டு, கம்பி பிரஷ் போட்டு, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்த பின்னரே கோட்டிங். உள்ளூர்ப் பட்டறைக்காரர் கேட்காமலே சொல்லும் இந்த வரிசை, அகில இந்தியக் குழுக்களில் அபூர்வமாகவே காணக் கிடைக்கிறது.

சத்தம் சார்ந்த கோளாறுகளிலும் பட்டறைதான் முந்துகிறது. இன்ஜின் தட்டுகிறது என்று குரல்பதிவு அனுப்புபவர்கள் அநேகம். கைபேசியின் மைக் மனிதப் பேச்சைத் தெளிவாக்குவதற்காகச் செய்யப்பட்டது. வால்வுகளைத் தூக்கும் டேப்பட்டின் சத்தமா, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் சத்தமா என்று பிரித்தறிய அந்தப் பதிவு உதவுவதில்லை. நீளமான திருப்புளியின் முனையை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் மெக்கானிக்குக்கு அது நொடியில் விளங்குகிறது. அம்பாசடரில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில், திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு இருக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. அந்த எண்ணைக் குழுவில் யாரும் தருவார்கள். அந்த இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு எவ்வளவு இறுக்கத்தோடு நழுவி வர வேண்டும் என்பதைப் பக்கத்தில் நின்று கையால் இழுத்துப் பார்த்தே பழக வேண்டியிருக்கிறது.

உதிரிபாகம் என்று வரும்போது நிலைமை தலைகீழாகிறது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. பத்மினி அதற்கும் பத்தாண்டுகளுக்கு மேல் முன்பே நின்றுவிட்டது. ராமநாதபுரத்துக் கடைகளில் இவற்றுக்கான பாகங்களைக் கேட்டால் கடைக்காரர் மதுரையைக் கைகாட்டுவார். மதுரைக்காரர் பழைய உதிரிபாகச் சந்தையான சென்னைப் புதுப்பேட்டையைக் காட்டுவார். முன்பெல்லாம் பட்டறைக்காரரின் தெரிந்தவர்க்குத் தெரிந்தவர் வழியாக வாரக்கணக்கில் காத்திருந்து பெற்ற பிரேக்குக்கான ஒரு வீல் சிலிண்டரை, இன்று குழுவில் காலையில் கேட்டால் கொல்கத்தாவிலிருந்தோ மும்பையிலிருந்தோ மாலைக்குள் படத்தோடு பதில் வருகிறது. சில நாட்களில் பார்சல் ஆபீசில் போய் எடுத்துக்கொள்ளலாம். இந்த வேகத்துக்குப் பட்டறையால் ஈடுகொடுக்கவே முடியாது.

ஆனால் கேட்பவருக்குத் தன் வண்டி எதுவென்று சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். பழைய 1489 சிசி இன்ஜின் பொருத்திய அம்பாசடரும், 1990களில் வந்த 1817 சிசி இசுசு இன்ஜின் பொருத்தியதும் வெளிப்பார்வைக்கு அண்ணன் தம்பிபோல் இருக்கும். ஒன்றின் இன்ஜின், கியர்பாக்ஸ் சாமான் மற்றதில் ஏறாது. பழையதற்கு இஞ்ச் ஸ்பானர் வேண்டும், பியட்டுக்கு மில்லிமீட்டர் ஸ்பானர் வேண்டும் என்கிற அளவில்கூடத் தெளிவில்லாமல், ‘அம்பாசடர் பம்ப் கிடைக்குமா’ என்று மட்டும் கேட்பவர் முன்பணம் அனுப்பிவிட்டு விழிக்கிறார். பழைய பாகத்தைக் கழற்றி, அதில் பொறித்திருக்கும் எண்ணோடு படம் எடுத்துப் போடுவது நல்லது. பார்சல் ரசீது வருமுன் முழுப் பணத்தையும் அனுப்பாதிருப்பது அதைவிட நல்லது.

நினைவாற்றலில் இரண்டு தரப்புமே தேறவில்லை. வாட்ஸப் குழுவில் இப்போது 1024 பேர் வரை சேரலாம். அத்தனை பேரும் காலை வணக்கம் சொன்னால், நேற்று ஒருவர் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைப் பற்றி விரிவாக எழுதிய விளக்கம் எங்கோ அடியில் போய்விடுகிறது. அம்பாசடர், அம்பாசிடர், அம்பி என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவதால் தேடினாலும் அகப்படுவதில்லை. தளமே மூடப்பட்டுவிட்டால் எல்லாமே போயிற்று. 2014இல் ஆர்குட் என்ற சமூக வலைத்தளமும், 2020இல் யாகூ குழுக்களும் அப்படித்தான் போயின. பட்டறையின் அறிவோ ஒரு மனிதரின் கைகளில் இருக்கிறது. அவருடைய பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள், அல்லது புதிய கார்களின் சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் மாட்டிக் கோளாறு பார்க்கிறார்கள். குழுவில் சுற்றும் ஆங்கிலக் கையேட்டை ஒருவர் பட்டறையில் உட்கார்ந்து படித்துச் சொல்ல, மெக்கானிக் அதைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதவைக்கும் ஏற்பாடு எங்கேனும் நடந்தால், அதைத்தான் நான் எல்லாவற்றிலும் மேலானதாகக் கருதுவேன்.

சட்டம், கட்டணம் ஆகிய விஷயங்களில் குழுக்களை நம்பவே கூடாது. டெல்லித் தலைநகரப் பகுதிக்கென வந்த, 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளையும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளையும் பற்றிய தடை உத்தரவு, தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டதாகச் சொல்லும் செய்தி ஓய்ந்தபாடில்லை. 50 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் கொண்டுவரப்பட்ட விண்டேஜ் பதிவையும் அரைகுறையாகவே பரப்புகிறார்கள்: அந்தப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், 10 ஆண்டு செல்லுபடி என்பதுவரை சொல்பவர்கள், அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது என்பதை விட்டுவிடுகிறார்கள். ராமேசுவரத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் தினமும் ஓட்டுபவருக்கு அந்தப் பதிவு எதற்கு? ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேட்பதே சரி. பட்டறையும் இதில் அதிகம் உதவாது.

எத்தனால் கலந்த பெட்ரோல் விஷயத்தில் மட்டும் குழுக்கள் பட்டறையைத் திருத்தின என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலானபோது, பழைய ரப்பர் குழாய்கள் ஊதி வெடிப்பதையும் பெட்ரோல் பம்பின் சவ்வு (டயாபிரம்) கெடுவதையும் கண்ட மெக்கானிக்குகள் பலர் பங்க்கில் கலப்படம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதும், அதைத் தாங்கும் ரப்பரில் செய்த குழாய்கள் கிடைக்கின்றன என்பதும் குழுக்கள் வழியாகத்தான் இங்கே வந்து சேர்ந்தன. அதைக் கேட்ட பிறகு பட்டறைக்காரர்கள் தங்கள் பங்குக்கு ஒரு பழக்கத்தைச் சேர்த்தார்கள்: கடற்காற்று படும் கொட்டகையில் மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டியென்றால், கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிட்டே நிறுத்தச் சொல்கிறார்கள்.