காலெண்டுலாவா, செண்டுமல்லியா: தோல் எரிச்சலுக்கு எந்தப் பூ?

மேரிகோல்டு தோல் எரிச்சலைத் தணிக்கும் என்று கேள்விப்பட்டு, பூஜைக்கு வாங்கிய செண்டுமல்லியை அரைத்துப் பத்துப் போடுகிறவர்கள் உண்டு. அந்த நற்பெயர் செண்டுமல்லியுடையது அல்ல, காலெண்டுலாவுடையது. ஆங்கிலத்தில் இரண்டையுமே மேரிகோல்டு என்பதால் வரும் குழப்பம் இது. இரண்டும் சூரியகாந்திக் குடும்பம்தான், ஆனால் வேறு வேறு செடிகள்.

அடையாளம் சுலபம். செண்டுமல்லி இலை சீப்புப் பல் மாதிரி பிரிந்திருக்கும், கசக்கினால் வாடை மூக்கில் ஏறும், விதை கறுப்பாக ஊசி போல நீண்டிருக்கும். காலெண்டுலா இலையில் பிளவே கிடையாது. செடியைத் தொட்டால் கையில் பிசுபிசுக்கும். விதை வளைந்து சுருண்டிருக்கும்.

காலெண்டுலாவில் வேலை செய்யும் முக்கியச் சரக்கு ஃபாரடையால் எஸ்டர்கள் என்ற சேர்மங்கள். எலியின் காதில் செயற்கையாக வீக்கத்தை உண்டாக்கிப் பார்த்த சோதனைகளில், தூய ஃபாரடையால் இண்டோமெதசின் என்ற வீக்கம் தணிக்கும் மருந்துக்கு நிகராக வீக்கத்தைக் குறைத்தது. இந்த எஸ்டர்கள் கொழுப்பில் கரைபவை. அதனால் இதழைத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் இவை பெரிதாக இறங்காது. எண்ணெயில் ஊற வைத்தால் இறங்கும். தேநீரைவிடக் களிம்புக்கே நான் ஓட்டுப் போடுவது இதனால்தான்.

மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். 2004-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்ட 254 பெண்களில் பாதிப் பேர் காலெண்டுலா களிம்பும் மற்றவர்கள் ட்ரோலமின் என்ற வழக்கமான மருந்தும் பூசிக்கொண்டார்கள். தோல் கணிசமாக வெந்துபோனவர்கள் காலெண்டுலா பக்கம் 41%, மறுபக்கம் 63%. களிம்பைப் பூசுவது சிரமம் என்று சிலர் குறைப்பட்டார்கள். அந்த வேதனையோடு ஒப்பிட்டால் இது பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைதான்.

செண்டுமல்லியின் பெருமை வேறு. அதன் இதழில் லூட்டீன் என்ற மஞ்சள் நிறமி நிறைய இருக்கிறது. கண் மாத்திரைக்கும், முட்டைக்கருவுக்கு நிறம் கூட்டும் கோழித்தீவனத்துக்கும் அதைத்தான் பிரித்தெடுக்கிறார்கள். ஆனால் செடியில் தையோஃபீன் வகைச் சேர்மங்களும் உண்டு. வேரில் இருக்கும்போது, பயிர்களின் வேரைத் தாக்கும் நூற்புழுவைக் கொல்லும். தோலில் பட்டு அதன் மேல் வெயிலும் பட்டால் தோலையே பதம் பார்க்கக்கூடியவை. தக்காளிப் பாத்தி ஓரத்தில் நட இதைவிட நல்ல செடி இல்லை. புண்ணுக்கு வேண்டாம். போதாக்குறைக்குச் சந்தைப் பூவில் என்ன பூச்சிமருந்து அடித்தார்களோ!

கெமோமில் மூன்றாவது போட்டியாளர். எரிச்சலைத் தணிக்கும் பிசபொலால், அபிஜெனின் என்ற சேர்மங்கள் இரண்டும் அதில் உண்டு. நீராவியில் வடித்தால் நீல நிறக் கமாசுலீனும் கிடைக்கும். நல்ல பூதான், காலெண்டுலா கிடைக்காதபோது பிசபொலால் சேர்த்த க்ரீம் வாங்கலாம்.

பார்த்தீனியம் பட்டு அரிப்பு வருகிறவர்கள் மூன்றிலுமே ஜாக்கிரதையாக இருங்கள், எல்லாம் ஒரே குடும்பம். முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி, ஒரு நாள் பார்த்துவிட்டுப் பூசுங்கள். ஆழமான புண், சர்க்கரை நோயாளியின் கால்புண் என்றால் எந்தப் பூவும் வேண்டாம், நேராக டாக்டரிடம் போய்விடுங்கள்.