சில்வர் பிர்ச் கன்று என்று விற்றால் வாங்காதீங்க

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துச் சாளையை, அதாவது தோட்டத்து வீட்டைச் சுற்றி ஒன்றரை ஏக்கர் சும்மா கிடந்தது. மகள் இருப்பது ஃபின்லாந்தில். அந்த நாட்டின் தேசிய மரமே சில்வர் பிர்ச்தான். ஒரே அடியிலிருந்து மூன்று நான்கு தண்டு கிளம்பி, வெள்ளைப் பட்டையோடு நிற்கும் மரங்களை வீடியோ காலில் காட்டுவாள். நம் வாசலிலும் அப்படி ஒரு வரிசை இருந்தால் வரும்போது சந்தோஷப்படுவாளே என்று ஆசை. கோவைப் பக்கம் ஒரு நர்சரியில் கிடைக்கும் என்றார்கள், போனேன்.

"பனி நாட்டு மரமாச்சே, நம்ம வெயிலுக்குத் தாங்குமா?" என்று கேட்கத்தான் செய்தேன்.

"தாங்குமுங்கண்ணா, நம்மூருச் சூட்டுக்குப் பழக்கி வெச்சிருக்கறமுங்க. இப்பப் பழுப்பாத்தான் இருக்கும், போகப்போகப் பட்டை வெளுத்துருமுங்க."

இங்கேதான் ஏமாந்தேன். பிர்ச் இளசில் பழுப்பாக இருந்து, சில வருடம் கழித்துத்தான் வெளுக்கும் என்பது நிஜம். மகளும் அதையே சொன்னாள். அந்த ஒரு நிஜத்தைச் சொல்லி மற்றதையெல்லாம் நம்ப வைத்துவிட்டார். ஒரு கன்று 3,500 ரூபாய். பன்னிரண்டுக்கு 42,000 எண்ணிக் கொடுத்தேன்.

வைகாசியில் நட்டோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றைப் பற்றி நம்ம பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலு கன்று சாய்ந்தது. ஒன்றைப் பிடுங்கி மண்ணை உதறினால், மூன்று தண்டும் மூன்று தனிக் கன்று! பச்சை நைலான் கயிற்றால் அடியில் இறுக்கிக் கட்டி மண்ணால் மூடியிருந்தார்கள். கயிறு பட்டைக்குள் பதிந்து, அதற்குக் கீழே வேர் கறுத்துக் கிடந்தது. இலையைக் கசக்கினேன், குப்பென்று எலுமிச்சை வாசம். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் படித்த தம்பி ஒருவருக்குப் படம் அனுப்பினேன். "அண்ணா, இது எலுமிச்சை வாசத் தைல மரம்" என்றார்.

பிர்ச் இலை முக்கோணமாக, ஓரமெல்லாம் ரம்பப் பல்லோடு இருக்கும். தைல வாசம் அடிக்காது. குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு மாதக்கணக்கில் உறங்குகிற மரம் அது. நம் மார்கழிக் குளிர் அதற்கு எந்த மூலைக்கு? இதையெல்லாம் காசு கொடுப்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

பல தண்டு மரம் என்பது எப்படி வருகிறது என்பதையும் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். இளங்கன்றைத் தரையை ஒட்டி வெட்டிவிட்டு, துளிர்ப்பதில் மூன்று நான்கை மட்டும் விடுவார்கள். ஒரே குழியில் மூன்று கன்று நடுவதும் உண்டு, அதில் தப்பில்லை. ஆனால் கயிற்றில் கட்டி ஒரே மரம் என்று விற்பது அப்பட்டமான மோசடி. பையைக் கிழித்து அடியைப் பார்க்காமல் வாங்காதீங்க.

நர்சரிக்காரருக்குப் போன் செய்தால், "தண்ணி கட்டுனதுல தப்புங்க" என்கிறார். பில்லில் 'அலங்கார மரக்கன்று' என்று மட்டும்தான் இருக்கிறது, புகார் கொடுக்கவும் பிடி இல்லை. சில்வர் பிர்ச்சின் பெட்டுலா பெண்டுலா என்ற தாவரப் பெயரைப் பில்லில் எழுதச் சொல்லியிருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

மிச்சமிருந்த கன்றுகளையும் எடுத்துவிட்டேன். குழிகள் திறந்தே இருக்கின்றன. பக்கத்துக் கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், ஆட்டுப்பட்டியிலிருந்து வெள்வேல மர விதை பொறுக்கி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு ஊன்றணும்.