ரேடியோ ஃபியூஸ் போனால்: டெஸ்ட் லேம்ப்பா, மல்டிமீட்டரா?

கார் ரேடியோ ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறதா? ஷார்ட்டைத் தேட என் ஓட்டு டெஸ்ட் லேம்ப்புக்குத்தான். போன ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் 12 வோல்ட், 21 வாட் பல்பை மாட்டி, சாவியைத் திருப்புங்கள். ஷார்ட் இருந்தால் பளிச்சென்று எரியும். ஆனால் மின்னோட்டம் 2 ஆம்பியருக்குள் அடங்கிவிடும், ஒயர் கருகாது. இப்போது ரேடியோ செட்டின் பின்னால் ஒயர்களைச் சேர்க்கும் பிளக்கை, அதாவது கப்ளரை, கழற்றுங்கள். பல்பு அணைந்தால் கோளாறு செட்டில், அணையாவிட்டால் ஒயரில். வேலூர் வெயிலில் நாள் முழுக்க நிற்கும் வண்டியில் இன்சுலேஷன் டேப்பின் பசை இளகி ஜாயின்ட் வெளியே தெரியும். முதலில் அங்கே பாருங்கள்.

“இருபது போடுண்ணா, நிக்கும்” என்று யாராவது சொல்வார்கள். சிவப்பு 10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் மஞ்சள் 20 ஆம்பியர் போட்டால் ஃபியூஸ் நிற்கும்தான், ஒயர் நிற்காது.

ஃபியூஸ் நன்றாக இருந்தும் ஸ்டேஷன்கள் அழிந்துபோகிறதா? அதற்கு மல்டிமீட்டர். வெளியில் வாங்கி மாட்டும் செட்களில் பொதுவாக மஞ்சள் ஒயர்தான் மெமரிக்கு. சாவி இல்லாமலும் அதில் சுமார் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். சரி, ஒரு சிக்கல்: மீட்டர் மின்சாரமே இழுக்காது என்பதால் துருப்பிடித்த ஜாயின்டிலும் 12 காட்டும். செட் ஓடும்போதே அளக்க வேண்டும்.

ஏர்பேக் ஒயரிங் பக்கம் மட்டும் லேம்ப்பைக் கொண்டுபோகாதீர்கள், பை வெடித்து விரியலாம்.